உதட்டுக்கு 'ஆயுள் முழுக்க' ஃபில்லர் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கோவையில் ஐ.டி. வேலை. மேலுதடு ரொம்ப மெல்லியதாக இருப்பது பள்ளி நாட்களிலிருந்தே எனக்குக் குறை. இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். எங்கள் பகுதியில் உள்ள ஓர் அழகு நிலையத்தில், உதட்டைப் பருமனாக்க ஊசியாகப் போடும் 'பர்மனென்ட் ஃபில்லர்' ஒரே தடவை போட்டால் போதும், ஆயுளுக்கும் தாங்கும் என்கிறார்கள். தோல் மருத்துவர்கள் போடுவது ஒரு வருடத்தில் கரைந்துவிடுமாம், திரும்பத் திரும்பச் செலவாம். கணக்குப் பார்த்தால் நிரந்தரமானதுதான் லாபம் என்று தோன்றுகிறது. இது பாதுகாப்பானதா? பலன் நன்றாக இருக்குமா?

பதில்: உதட்டுக்கு நிரந்தர ஃபில்லர் வேண்டாம். கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருந்தாலும் சரி, நான்கு வருடம் இருந்தாலும் சரி, என் பதில் இதுதான். உதட்டைக் கொஞ்சம் எடுப்பாகக் காட்டிக்கொள்ள ஆசைப்படுவதில் தவறே இல்லை. அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன, அவற்றையும் சொல்கிறேன். முதலில் உங்கள் லாபக் கணக்கில் விடுபட்டுப்போன ஒரு செலவைப் பார்ப்போம். பிடிக்காமல் போனாலோ, கெட்டுப்போனாலோ, போட்டதை எடுக்க முடியுமா?

உங்களிடம் 'பர்மனென்ட்' என்று சொன்னவர்கள் எதை மனதில் வைத்துச் சொன்னார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். சில இடங்களில் உதட்டுக்கு நிறம் குத்துவதையும் அந்தப் பெயரில்தான் விற்கிறார்கள். அது ஒரு வகைப் பச்சை குத்தல். நிறம் மாறுமே தவிர உதட்டின் பருமன் கூடாது. நிஜமான நிரந்தர ஃபில்லர் என்றால் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: திரவ சிலிக்கோன், பாலிஅக்ரிலமைடு ஜெல், அல்லது பிஎம்எம்ஏ எனப்படும் நுண்ணிய பிளாஸ்டிக் மணிகள். மூன்றையுமே உடலால் செரித்து வெளியேற்ற முடியாது. அந்தக் குணத்தைத்தான் உங்களுக்கு லாபம் என்று விற்கிறார்கள். வில்லங்கமும் அதே குணத்தில்தான் இருக்கிறது.

பிஎம்எம்ஏ எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். ஒவ்வொரு மணியும் 30 முதல் 50 மைக்ரான் வரை இருக்கும், அதாவது ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டாது. இவற்றை மாட்டுக் கொலாஜனில் கலந்து ஊசியாகப் போடுகிறார்கள். சில மாதங்களில் கொலாஜன் கரைந்துவிடும். மணிகளை அந்நியப் பொருளாகப் பார்க்கும் உடல், ஒவ்வொன்றையும் சுற்றித் தழும்புத் திசுவை வளர்க்கும். உங்களுக்குக் கிடைக்கும் பருமனில் பெரும்பங்கு அந்தத் தழும்புதான். கன்னம்போல் அதிகம் அசையாத இடத்தில் இது ஓரளவு ஒழுங்காக அமையலாம். உதடு அப்படியில்லை. வாயைச் சுற்றி வளையமாக ஓடும் தசை பேசும்போது, சாப்பிடும்போது, சிரிக்கும்போது, ஸ்ட்ரா வைத்து உறிஞ்சும்போது என்று நாள் முழுக்கச் சுருங்கி விரிகிறது. உள்ளே போட்டதை அது பிசைந்து தள்ளிக்கொண்டே இருக்கும். மணிகள் ஓரிடத்தில் சேர்ந்து முடிச்சாகும், அல்லது கயிறு மாதிரி திரளும். உதட்டுத் தோல் மெல்லியது என்பதால் அது வெளியே தெரியும், நாக்கால் தடவினாலும் தட்டுப்படும்.

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, பிஎம்எம்ஏ ஃபில்லருக்கு 2006-ல் ஒப்புதல் கொடுத்தது மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்புக்கு. பிறகு கன்னத்துப் பருத்தழும்புக்கும் கொடுத்தது. உதட்டுக்குக் கொடுக்கவில்லை. திரவ சிலிக்கோனுக்கு அங்கே ஒப்புதல் இருப்பது கண்ணின் விழித்திரைச் சிகிச்சைக்கு மட்டும். நெதர்லாந்தில் 2015 முதல் அழகுக்காக நிரந்தர ஃபில்லர் போடவே தடை.

பலன் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தீர்கள். முதல் சில மாதங்களுக்குப் பலருக்கு நன்றாகவே இருக்கும். 'முன்', 'பின்' என்று காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் அந்தச் சமயத்தில் எடுத்தவை. தொல்லை வருவது அதற்குப் பிறகு. கிரானுலோமா எனப்படும் அழற்சிக் கட்டிகள் மாதங்கள் கழித்தும் வரலாம், பத்து வருடம் கழித்தும் வரலாம். ஒரு காய்ச்சலோ, பல் சிகிச்சையோ அதைக் கிளப்பிவிடலாம். ஜெல் வகையில், ஊசி போடும்போது உள்ளே போன கிருமிகள் ஜெல்லின் மேல் படலமாக ஒட்டிக்கொண்டு வருடக்கணக்கில் சும்மா இருந்துவிட்டு, திடீரென்று வீக்கமும் சீழுமாக வெளிப்படுவதுண்டு. அதை ஒவ்வாமை என்று நினைத்து வெறும் ஸ்டீராய்டு மட்டும் கொடுத்தால் நோய்த்தொற்று இன்னும் முற்றும்.

அப்படி ஆனால் என்ன செய்வார்கள்? கட்டிக்குள் ஸ்டீராய்டு ஊசி, சில சமயம் 5-ஃப்ளூரோயுராசில் என்ற மருந்து, நோய்த்தொற்று என்றால் நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக். அடங்கினால் நல்லது. அடங்காவிட்டால் வாயின் உட்புறமாகக் கீறி எடுக்க வேண்டும். பொருள் ஒரு பைக்குள் இருந்தால் உருவி எடுத்துவிடலாம். இதுவோ தசை இழைகளுக்கு நடுவே பரவிக் கிடக்கும். முழுவதும் எடுக்கப் பார்த்தால் நல்ல திசுவும் கூடவே போகும், உதடு விறைக்கும். பிரிட்டிஷ் நடிகை லெஸ்லி ஆஷ் 2000-களின் தொடக்கத்தில் உதட்டில் திரவ சிலிக்கோன் போட்டுக்கொண்டு பட்ட பாடு அந்த ஊர்ப் பத்திரிகைகளில் வருடக்கணக்கில் ஓடியது. சிலிக்கோனை வெளியே எடுக்க வழியில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

இதற்கு நேர்மாறான ஒன்று 2025 ஜூலையில் நம் நாட்டிலேயே நடந்தது. சமூக ஊடகப் பிரபலமான நடிகை உர்ஃபி ஜாவேத் பதினெட்டு வயதில் தொடங்கிப் போட்டுவந்த உதட்டு ஃபில்லர் சரியான இடத்தில் அமையவில்லை என்று சொல்லி, அதைக் கரைத்துக்கொண்டார். முகமெல்லாம் வீங்கிய அந்த வீடியோ பலருக்குப் பயமாக இருந்திருக்கும். ஆனால் அந்த வீக்கம் சில நாட்களில் வடிந்தது. அவர் போட்டிருந்தது ஹையலூரானிக் அமிலம், தோல் மருத்துவர்கள் போடுவதாக நீங்கள் சொன்ன கரையும் ஃபில்லர் இந்த வகைதான். ஹையலூரானிடேஸ் என்ற நொதியை ஊசியாகப் போட்டால் அது கரைந்துவிடும். சிலிக்கோனுக்கும் பிஎம்எம்ஏவுக்கும் அப்படி ஒரு மாற்று மருந்தே கிடையாது.

இந்த வித்தியாசம் அழகு சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, அவசரத்துக்கும் இதுதான் கைகொடுக்கும். உதட்டுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகள் ஊசி போகும் பாதைக்கு ரொம்பப் பக்கத்திலேயே ஓடுகின்றன. எவ்வளவு கைதேர்ந்தவர் போட்டாலும், அபூர்வமாக ஃபில்லர் ரத்தக் குழாயை அடைத்துவிடலாம். அப்போது உதடோ அதைச் சுற்றியுள்ள தோலோ வெளுக்கும், அல்லது வலைபோல் ஊதாக் கோடுகள் தெரியும், வலி ஏறிக்கொண்டே போகும். சில மணி நேரத்துக்குள் ஹையலூரானிடேஸ் போட்டால் பெரும்பாலும் தோலைக் காப்பாற்றிவிடலாம். நிரந்தர ஃபில்லர் என்றால் மருத்துவர் கையில் அந்த ஆயுதமே இருக்காது.

இன்னொன்றையும் யோசியுங்கள். உங்களுக்கு 27 வயது. வயது ஏற ஏற உதடு மெலியும், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி நீளும், வாயோரம் இறங்கும். இன்றைய முகத்துக்கு அளவெடுத்துப் போட்ட பொருள், 50 வயது முகத்தில் போட்ட இடத்திலேயே அப்படியே உட்கார்ந்திருக்கும். உங்கள் ரசனையும் மாறலாம். உதடு பெரிதாக இருந்தால்தான் அழகு என்ற இந்த மோகம் எத்தனை நாளைக்கோ!

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அனுபவமுள்ள சில மருத்துவர்கள் மருத்துவத் தர சிலிக்கோனைப் பொட்டுப் பொட்டாக, மிகச் சிறிய அளவில், பல அமர்வுகளாகப் பருத்தழும்பு போன்றவற்றுக்குப் போட்டு நல்ல பலன் கண்டிருக்கிறார்கள். அழகு நிலையத்தில் ஒரே அமர்வில் உதட்டை நிரப்புவது அந்த முறை அல்ல. அங்கே பாட்டிலில் இருப்பது மருத்துவத் தரமா, தொழிற்சாலைச் சரக்கா என்று உங்களால் கண்டுபிடிக்கவும் முடியாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரு தோல் மருத்துவரையோ பிளாஸ்டிக் சர்ஜனையோ பாருங்கள். எம்.டி. அல்லது டி.டி.வி.எல். தோல் மருத்துவப் படிப்பு, இல்லையென்றால் பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு மாநில மருத்துவ கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். கேட்டால் கோபப்படுபவரிடம் உதட்டை நீட்ட வேண்டாம். மேலுதடு உண்மையிலேயே மெல்லியதா, இல்லை பல் வரிசை உள்வாங்கியிருப்பதால் அப்படித் தெரிகிறதா என்பதையும் அவர் பார்ப்பார். பல் காரணம் என்றால் போக வேண்டிய இடமே வேறு.

ஃபில்லர்தான் என்று முடிவானால் ஹையலூரானிக் அமிலம் போடுங்கள், முதல் தடவை அரை மில்லியே போதும் என்பேன். ஒரு முழு சிரிஞ்சே 1 மில்லிதான், ஒரு டீஸ்பூனில் ஐந்தில் ஒரு பங்கு. ஆனால் உதட்டில் அதுவே பெரிய மாற்றம். உதட்டில் பொதுவாக 6 முதல் 12 மாதம் நிற்கும், சிலருக்கு அதற்கு மேலும். ஒவ்வொரு வருடமும் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடலாம், தானாகக் குறையும்.

பெட்டியை உங்கள் எதிரில் பிரிக்கச் சொல்லுங்கள். உள்ளே தயாரிப்பு எண் அச்சிட்ட ஸ்டிக்கர் இருக்கும், அதை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஹையலூரானிடேஸ் கிளினிக்கிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். 'வெளியில் வாங்கிவர வேண்டும்' என்றால் அந்தக் கிளினிக் வேண்டாம். ஊசியில்லாமல் அழுத்தத்தால் செலுத்தும் 'ஹையலூரான் பேனா' பக்கமும் போகாதீர்கள். அதைப் பற்றி எஃப்டிஏ 2021-லேயே எச்சரித்திருக்கிறது.

கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்னதாகவே முடித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் வீக்கம் நன்றாக இருக்கும், கன்றிப்போகலாம், சரியான வடிவம் தெரிய இரண்டு வாரம் ஆகும். அதற்குள் கண்ணாடி முன் நின்று கவலைப்பட வேண்டாம். உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமென்றால் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லுங்கள், ஊசி அதைத் திரும்பக் கிளப்பலாம், தடுக்க மாத்திரை இருக்கிறது. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், மீன் எண்ணெய் மாத்திரை ஏதாவது எடுப்பதாக இருந்தாலும் சொல்லுங்கள், வேறு நோய்க்காக எழுதிக்கொடுத்ததை நீங்களாக நிறுத்த வேண்டாம். பல் சுத்தம் செய்வது போன்ற வேலைகளை முன்னும் பின்னும் இரண்டு வாரம் தள்ளிவையுங்கள். கர்ப்பமாக இருக்கும்போதும் பாலூட்டும்போதும் எந்த ஃபில்லரும் போடுவதில்லை.

நீடித்து நிற்பதாகத்தான் வேண்டும் என்று பின்னால் தோன்றினால், பிளாஸ்டிக் சர்ஜன் வைக்கும் திட சிலிக்கோன் இம்பிளான்ட் இருக்கிறது. அது விலகலாம், விறைப்பாக உணரலாம், ஆனால் ஒரே துண்டாக இருப்பதால் வெளியே எடுக்க முடியும். உங்கள் கொழுப்பையே எடுத்து உதட்டில் வைக்கலாம், எவ்வளவு தங்கும் என்று முன்கூட்டிச் சொல்வது கடினம். மூக்கடியில் தோலைக் குறைத்து மேலுதட்டைத் தூக்கும் அறுவை சிகிச்சையில் தழும்பு வரும். கல்யாண அவசரத்தில் முடிவெடுக்கக்கூடிய விஷயங்கள் அல்ல இவை.

உங்கள் தோழிகளில் யாராவது ஏற்கெனவே நிரந்தர ஃபில்லர் போட்டிருந்தால், தொல்லை இல்லாதவரை அதைக் கிளற வேண்டியதில்லை. அதன் மேல் வேறு ஃபில்லர் போட்டுக்கொள்ளக் கூடாது, பல் மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும். உள்ளே இருப்பது என்னவென்றே தெரியாதவர்களுக்கு, அதிக அதிர்வெண் கொண்ட அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் ஓரளவு அடையாளம் காண முடியும். திடீரென்று வீங்கினால் அன்றைக்கே தோல் மருத்துவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.