சாக்ரடீஸ் பணிந்து போனவரா?

கேள்வி: தப்பிக்க வழி இருந்தும் சாக்ரடீஸ் சிறையிலேயே இருந்து நஞ்சைக் குடித்தார். அரசு சொன்னால் அநியாயத்துக்கும் தலையாட்ட வேண்டும் என்பதுதானே அவர் கொள்கை? இதையா கொண்டாடுகிறோம்? – வாசகர், நாமக்கல்

பதில்: கடைசிக் காட்சியை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். முன்கதையையும் பாருங்கள்.

கி.மு. 406. அர்ஜினூசே கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் கடலில் தத்தளித்த சொந்த வீரர்களைத் தளபதிகள் மீட்கவில்லை என்று ஊரே கொதித்தது. தனித்தனியாக விசாரிக்காமல் ஒரே வாக்கெடுப்பில் அத்தனை பேருக்கும் மரண தண்டனை என்றார்கள். அது சட்ட விரோதம். அவையை நடத்தும் குழுவில் அன்று சாக்ரடீஸ் இருந்தார். கூட்டம் மிரட்டியதும் மற்றவர்கள் இறங்கி வந்தார்கள். அவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. ஆனாலும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள்.

பிறகு ஏதென்ஸில் 'முப்பது கொடுங்கோலர்கள்' எனப்படும் முப்பது பேர் கும்பலின் ஆட்சி. சலாமிஸ் தீவிலிருந்து லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்துவர ஐந்து பேருக்கு உத்தரவு. நால்வர் போனார்கள். சாக்ரடீஸ் நேரே வீட்டுக்குப் போய்விட்டார். அந்த ஆட்சி சீக்கிரம் கவிழாமல் இருந்திருந்தால் அன்றே அவர் உயிர் போயிருக்கும்.

கி.மு. 399-ல் ஊரின் கடவுள்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று அவர்மீது வழக்கு. அந்த விசாரணையிலும் அவர் குனியவில்லை. தத்துவ விசாரணையை நிறுத்தினால் விடுவிக்கிறோம் என்றாலும் கேட்கமாட்டேன் என்று நீதிமன்றத்திலேயே சொன்னார். ஏறக்குறைய 500 நடுவர்களில் 30 பேர் மாற்றி வாக்களித்திருந்தால் விடுதலை. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் இன்ன தண்டனை என்று கிடையாது. வழக்குத் தொடுத்தவர் ஒன்று கேட்பார், குற்றவாளி ஒன்று சொல்வார். நடுவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம், நடுவில் வேறொன்றைத் தாங்களாக வைக்க முடியாது. வழக்குத் தொடுத்த மெலிட்டஸ் கேட்டது மரணம். நாடு கடத்தல் என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பார். அவரோ, ஒலிம்பிக் வீரர்களுக்குத் தருவதுபோல எனக்கும் அரசுச் செலவில் சாப்பாடு போடுங்கள் என்று ஆரம்பித்தார். கடைசியில் பிளேட்டோ, கிரிட்டோ முதலான நண்பர்களின் பிணையில் 30 மினா, அதாவது 3,000 திராக்மா அபராதம் என்றார். சிறிய தொகை இல்லை. ஆனாலும் தீர்ப்பு மரணமாயிற்று.

டெலோஸ் தீவுக்குப் போன புனிதக் கப்பல் திரும்பும்வரை யாரையும் கொல்லக்கூடாது என்பது வழக்கம். அந்த இடைவெளி 30 நாள் என்கிறார் அவருடைய சீடர் செனபன். அப்போதுதான் கிரிட்டோ பணத்தோடு வந்து, வடக்கே உள்ள தெசலிப் பகுதிக்குப் போய்விடலாம் என்றார்.

சாக்ரடீஸ் மறுத்ததற்கு அடிப்படை ஒன்றே: பதிலுக்குக்கூட அநியாயம் செய்யக்கூடாது. 'நீ போய் அநியாயம் செய்' என்று அரசு சொன்னால் உயிரே போனாலும் செய்யமாட்டார். லியோன் விஷயத்தில் செய்ததும் அதுதான். தனக்கு அநியாயம் நடந்தால் வாதாடுவார். வாதம் எடுபடாவிட்டால் ஏற்பார். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் அவர் தலையாட்டியாகத் தெரிகிறார். தப்பிப்பது அநியாயமே இல்லை என்று நீங்கள் வாதிடலாம், அதற்கு இடமுண்டு. ஆனால் அவர் பார்வையில், மன்றத்தில் எல்லோர் முன்னாலும் கேட்க மறுத்த நாடு கடத்தலை, 70 வயதில் காவலருக்குக் காசு கொடுத்து மாறுவேடத்தில் திருடிக்கொள்வதாகத்தான் அது இருந்திருக்கும்.