பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை

அன்புள்ள சார்,

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன். மகளுக்கு ஏழு வயது. எங்கள் ஊர் கால்பந்து லீக்கில் அவளுடைய டீமுக்குக் கோச் கிடைக்கவில்லை, பெற்றோரில் யாராவது முன்வாருங்கள் என்று மெயில் வந்தது. யாரும் வராததால் நான் போனேன். பள்ளியில் கபடி ஆடியதோடு சரி, கால்பந்து எனக்கு டிவியில் பார்த்த அளவுதான்.

முதலில் நன்றாகத்தான் போனது. வரிசையாக மூன்று மேட்ச் தோற்றதும் எனக்குள் என்னவோ ஏறிவிட்டது. போன வாரம் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து 'கிக்கிங் அண்ட் ஸ்க்ரீமிங்' படம் பார்த்தோம். கோச்சாக வரும் நடிகர் வில் ஃபெரல் கோட்டோரம் நின்று கத்தும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தோம். மகள் மட்டும் என் பக்கம் திரும்பி, "அப்பா, நீங்களும் இப்படித்தான்" என்றாள். அதற்கப்புறம் எனக்குப் படம் மனதில் ஏறவில்லை.

இது சும்மா சிரித்துவிட்டுப் போகிற படம்தானா? அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்குப் போகவே தயக்கமாக இருக்கிறது.

அன்புடன்,
கே.

அன்புள்ள கே.,

உங்கள் மகள் அதை உங்கள் முகத்துக்கு நேரே சொன்னாளே, அதில் எனக்குப் பெரிய நிம்மதி. அப்பாவிடம் பயம் வந்துவிட்ட பிள்ளை அப்படிச் சொல்லாது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். 2005இல் வந்த படம். இயக்கியவர் ஜெஸ்ஸி டிலன், பாடகர் பாப் டிலனின் மகன். (1995இல் இதே பெயரில் வந்தது வேறு படம்.) பக் வெஸ்டன் என்ற கிழவர் சிறுவர் கால்பந்து டீம் ஒன்றுக்குக் கோச். ராபர்ட் டுவால் நடித்திருக்கிறார். அவருடைய பேரன் சாம் அதே டீமில் ஆட இறங்காமல் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். ஒருநாள் தாத்தா அவனைக் கடைசி இடத்தில் கிடக்கும் டைகர்ஸ் டீமுக்குத் தள்ளிவிடுகிறார். கோச் இல்லாத அந்த டீமை சாமின் அப்பா ஃபில் ஏற்றுக்கொள்கிறார். அதுதான் வில் ஃபெரல். வைட்டமின் விற்கிற சாது மனிதர், சின்ன வயதிலிருந்தே பக்கின் போட்டி வெறியில் அடிபட்டு வளர்ந்தவர். அவருக்கு உதவி கோச்சாக வருபவர் பக்கின் பக்கத்து வீட்டுக்காரர் மைக் டிட்கா. கால்பந்து அல்ல, கையில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்கன் ஃபுட்பாலில் 1986 ஜனவரியில் சிகாகோ பேர்ஸ் அணிக்குக் கோச்சாக இருந்து சூப்பர் பௌல் என்ற பெரிய கோப்பையை வாங்கிக்கொடுத்த அதே டிட்காதான், சொந்தப் பெயரிலேயே நடித்திருக்கிறார்.

அப்புறம் இறைச்சிக் கடையில் வேலை செய்யும் இரண்டு இத்தாலியப் பையன்கள் டீமுக்கு வருகிறார்கள். அன்றிலிருந்து ஃபில்லின் ஒரே பாடம், பந்து கிடைத்தால் இத்தாலியர்களிடம் கொடு. டீம் ஜெயிக்க ஆரம்பிக்கிறது. எல்லோரும் சிரிக்கும் இடம் இது. இரண்டாம் தடவை பார்த்தபோது எனக்கு மற்ற பிள்ளைகள்தான் கண்ணில் பட்டார்கள். அந்த இருவருக்கும் வழிவிடுவதைத் தவிர அவர்களுக்கு வேலையில்லை. கோல் கூடக் கூட ஆட்டம் அவர்கள் கையைவிட்டுப் போகிறது.

காபிப் பைத்தியம் பிடித்து ஃபில் அலைகிற காட்சிகளைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம். ஆனால் அந்த வெறியில் அவர் தன் மகனையே பெஞ்சில் உட்காரவைக்கிறார் பாருங்கள், படத்தின் உயிர் அங்கே இருக்கிறது. மகனை ஆடவைக்கத்தான் அவர் கோச் வேலைக்கே வந்தார். தாத்தா செய்த அதே காரியத்தை அப்பாவும் செய்துவிடுகிறார், செய்வது தெரியாமலே.

நான் எட்டாம் வகுப்பில் ஸ்கூல் டீமில் எக்ஸ்ட்ரா. அந்த வருஷம் முழுக்க ஒரு நிமிஷம்கூட இறங்கவில்லை. இடைவேளையில் எலுமிச்சம்பழத்தை நறுக்கித் தட்டில் வைத்து ஆடுகிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பேன். விரலில் கீறல் இருந்தால் சுரீரென்று எரியும். ஜெர்ஸி அழுக்காகவே ஆகாது. அம்மா ஏன் என்று கேட்டுவிடக் கூடாதே என்று, வீட்டுக்கு வரும் வழியில் அதைக் கழற்றி மண்ணில் தேய்த்து எடுத்துவருவேன். பி.டி. சார் நல்லவர்தான். கோப்பையைத் தவிர அவருக்கு வேறு நினைப்பில்லை. சாம் பெஞ்சில் உட்கார்ந்தபோது எனக்கு அந்த ஜெர்ஸிதான் ஞாபகம் வந்தது.

நீங்கள் இருக்கும் நாட்டில் இந்த வலியை யோசித்து விதியே போட்டிருக்கிறார்கள். 1964இல் கலிஃபோர்னியாவின் டாரன்ஸில் தொடங்கிய ஏ.ஒய்.எஸ்.ஓ. என்ற சிறுவர் கால்பந்து அமைப்பில் ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு மேட்சிலும் பாதி நேரமாவது ஆடியே ஆக வேண்டும். உங்கள் லீக்கில் என்ன விதி என்று பாருங்கள், இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 2017 முதல் அமெரிக்கக் கால்பந்துச் சம்மேளனம் 8 வயதுக்குட்பட்டவர்களுக்கு ஒரு பக்கம் 4 பேர், கோல்கீப்பர் கிடையாது என்று வகுத்திருக்கிறது. ஆள் குறைந்தால் பந்து எல்லோர் காலுக்கும் வரும். நார்வேயில் இன்னும் ஒருபடி மேலே, 11 வயதுக்கு முன் பாயின்ட் பட்டியலே போடுவதில்லை.

ஏழு வயதுப் பிள்ளைகள் பந்தை ஈ வெல்லத்தை மொய்ப்பதுபோல மொய்ப்பார்கள். அவரவர் இடத்தில் நில்லு என்று தொண்டை கிழியக் கத்தினாலும் நிற்க மாட்டார்கள், அந்த வயசு அப்படி. பந்து காலில் இருக்கும் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்திப் பாருங்கள், அது பந்தை விட்டுவிட்டு உங்களைத் திரும்பிப் பார்க்கும். அதே நொடியில் பந்து போய்விடும். அதனால் சொல்ல வேண்டியதைத் தண்ணீர் குடிக்க வரும்போது, குனிந்து, அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கும்படி சொல்லுங்கள். ஆட்டம் நடக்கும்போது உங்கள் கையில் ஒரு சீட்டு இருக்கட்டும், யார் எத்தனை நிமிஷம் ஆடினார்கள் என்று குறிக்க. கைக்கு வேலை இருந்தால் வாய் தானாக அடங்கும்.

படத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. கடைசி மேட்சில் ஃபில், இதுவரை நான் சொன்னதற்கு நேர்மாறாக ஆடுங்கள் என்கிறார். அருமையான இடம். அதோடு விட்டிருக்கலாம், டைகர்ஸை ஜெயிக்கவைத்தே ஆக வேண்டும் என்றில்லை. தோற்றிருந்தாலும் சாம் அன்றைக்குச் சந்தோஷமாகத்தான் வீட்டுக்குப் போயிருப்பான்.

சனிக்கிழமை தயங்காமல் போங்கள். அந்தச் சீட்டில் பெயர்களை உங்கள் மகளையே எழுதச் சொல்லுங்கள். அங்கே இடைவேளைக்கு ஆரஞ்சு நறுக்கி எடுத்துப்போகிற வழக்கம் உண்டு. அந்த டப்பாவை எந்தப் பிள்ளை கையிலும் கொடுத்துவிடாதீர்கள், நீங்களே ஒவ்வொருவரிடமும் கொண்டுபோய்க் கொடுங்கள்.