கேமரா அனுப்பிய படத்துக்கு ஒப்புதல் கொடுப்பதற்கு முன்னால்

கேள்வி: ஐயா, தமிழ்நாட்டின் ஒரு மாநகரத்தில் போக்குவரத்துப் பிரிவில் எஸ்.ஐ.யாக இருக்கிறேன். ஆறு வருடம் பாயிண்ட் டூட்டி, வாகனத் தணிக்கை என்று ரோட்டிலேயே நின்றவன். போன மாதம் கட்டுப்பாட்டு அறைக்கு மாற்றிவிட்டார்கள். நம்பர் பிளேட்டைத் தானாகப் படிக்கும் கேமராக்கள் அனுப்பும் படங்களைப் பார்த்து, சரியாக இருந்தால் சலானுக்கு ஒப்புதல் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நிராகரிக்க வேண்டும். ஒரு ஷிப்டில் நூற்றுக்கணக்கில் வருகின்றன. எதை ஏற்பது, எதைத் தள்ளுவது என்று யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. நிறையத் தள்ளினால் மேலே கேட்கிறார்கள். நாளைக்கு கோர்ட்டில் நான் பதில் சொல்ல வேண்டி வருமா?

பதில்: தம்பி, உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். ஆமாம், வரலாம். படத்தை அனுப்புவது கேமராவாக இருந்தாலும் கேஸ் போடுவது நீங்கள்தான். ரோட்டில் நின்று எழுதியபோது உங்கள் கண் சாட்சியாக இருந்தது. இப்போது திரையில் பார்த்ததற்கும் அதே கண்தான் சாட்சி. இந்த வேலையில் நான் இருந்த வருடங்களில், இதை 'கிளிக் பண்ணும் வேலை' என்று நினைத்தவர்கள் செய்த தவறுகளைத்தான் அதிகம் பார்த்தேன். அதில் என்னுடையதும் ஒன்று உண்டு, பிறகு சொல்கிறேன்.

சட்டம் என்ன கேட்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, மின்னணுக் கருவிகளால் சாலையைக் கண்காணிப்பதற்கு 136ஏ பிரிவு வந்தது. அதை எப்படி நடத்துவது என்று 2021 ஆகஸ்டில் 167ஏ விதி வந்தது. அந்த விதிப்படி கேமராவுக்கு மாநில அரசு குறித்த அமைப்பின் ஒப்புதல் சான்றிதழ் இருக்க வேண்டும், அதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இங்கே கேமரா கண்காணிக்கிறது என்று சாலையில் அறிவிப்புப் பலகை வைக்க வேண்டும். விதிமீறலும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம், நாள், நேரம், இடம், மீறப்பட்ட சட்டப்பிரிவு எல்லாம் சலானில் இருக்க வேண்டும். நடந்த 15 நாட்களுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்றும் அந்த விதி சொன்னது. இதோடு மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழும் வேண்டும். முன்பு சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு என்று சொல்வோமே, அதுதான். 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவு அந்த இடத்துக்கு வந்துவிட்டது. பொறுப்பில் இருப்பவர் ஒரு பகுதி, நிபுணர் ஒரு பகுதி நிரப்பிக் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் அறையில் அந்தச் சான்றிதழ் யார் பெயரில் போகிறது என்று நாளைக்கே விசாரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு இது சம்மன் வரும்போதுதான் தெரிய வருகிறது.

சரி, திரைக்கு வருவோம்.

முதலில் நம்பர். மென்பொருள் படித்துக் காட்டும் எண்ணை நம்பி மேலே போகாதீர்கள். அதைக் கையால் மறைத்துவிட்டு, படத்தில் இருக்கும் பிளேட்டை நீங்களே ஒரு முறை வாய்விட்டுப் படியுங்கள். அப்புறம் ஒப்பிடுங்கள். மென்பொருள் சொன்னதை முதலில் பார்த்துவிட்டால் உங்கள் கண்ணும் அதையே பார்க்கும். 8-ம் பி-யும், 5-ம் எஸ்-ஸும், 0-வும் டி-யும், 2-ம் இசட்-டும் அடிக்கடி மாறிப் போகும். நம் நாட்டுப் பதிவெண்களின் வரிசை எழுத்துகளில் ஐ-யும் ஓ-வும் பொதுவாகக் கொடுப்பதில்லை, 1 என்றும் 0 என்றும் குழம்பும் என்பதால். ஆகவே அந்த இடத்தில் மென்பொருள் ஓ என்று காட்டினால் அங்கேயே நின்றுவிடுங்கள். இங்கிலாந்தின் பாத் நகரில் 2021-ல் நடந்ததைக் கேளுங்கள். சாலையில் நடந்து போன ஒரு பெண்ணின் சட்டையில் 'நிட்டர்', அதாவது பின்னல் போடுபவர், என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. தோள்பையின் பட்டை குறுக்கே விழுந்ததில் கேமரா அதை ஒரு வண்டி நம்பராகப் படித்துவிட்டது. எங்கோ தொலைவில் வீட்டில் இருந்த ஒரு தம்பதிக்கு, பேருந்துத் தடத்தில் வண்டி ஓட்டியதாக அபராத நோட்டீஸ் போனது. அந்தப் படத்தில் வண்டியே இல்லை!

நம்பர் சரியாக இருந்தால் மட்டும் போதாது. வண்டிப் பதிவுகளுக்கான அரசுத் தரவுத்தளமான 'வாகன்'-ல் அந்த எண்ணுக்கு என்ன வண்டி இருக்கிறது, என்ன கம்பெனி, என்ன மாடல், என்ன நிறம் என்று பாருங்கள். நான் சறுக்கியது இங்கேதான். மதுரைப் பக்கத்து எண், டி.என். 58. ஹெல்மெட் இல்லாமல் ஒருவர் போகிறார். தரவிலும் இரு சக்கர வாகனம் என்றுதான் வந்தது, ஒப்புதல் கொடுத்துவிட்டேன். சில வாரம் கழித்து ஒரு பெரியவர் பஸ் ஏறி வந்து எங்கள் கவுண்டரில் நின்றார். அவரிடம் இருப்பது பச்சை எக்ஸ்.எல். வண்டி. படத்தில் இருந்ததோ நீல ஸ்கூட்டர். பெரிதாக்கிப் பார்த்தால் 58 இல்லை, 59. சேறு ஒட்டியிருந்தது. நிறத்தையும் மாடலையும் பார்க்க ஐந்து விநாடி ஆகியிருக்கும். நான் செலவழிக்காத அந்த ஐந்து விநாடிக்காக அவர் இரண்டு நாள் கூலியை விட்டிருந்தார். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து ஹெல்மெட் இல்லாவிட்டால் 1,000 ரூபாய், அதற்கு முன்னால் 100. தொகை பத்து மடங்கான பிறகு நம் தவறும் பத்து மடங்கு கனமாகிவிட்டது.

இரவுப் படங்களில் நிறத்தை நம்பாதீர்கள். அகச்சிவப்பு வெளிச்சத்தில் எடுத்த படம் கறுப்பு வெள்ளையாகத்தான் வரும், அப்போது மாடலும் உடல் வடிவமும்தான் துணை. நம்பர், மாடல், நிறம் எல்லாம் ஒத்துப்போயும் ஒருவர் 'அன்றைக்கு என் வண்டி ஊரிலேயே இல்லை' என்று ஆதாரத்தோடு வந்தால், யாரோ அதே நம்பரைப் போலியாக மாட்டி ஓட்டலாம். அதைத் தள்ளுவதோடு நிறுத்தாமல் எழுத்தில் மேலே அனுப்புங்கள். போலி நம்பரோடு திரியும் வண்டி பெரும்பாலும் சிக்னல் மீறலோடு நிறுத்திக்கொள்வதில்லை.

அடுத்து, தவறு நடந்ததா என்பது. ஒரு பழக்கம் சொல்கிறேன், இதை மட்டுமாவது எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைத் திறந்ததும் 'இவர் என்ன தப்பு செய்தார்' என்று தேடாதீர்கள். 'இவர் தப்பு செய்யவில்லை என்று காட்டக்கூடியது இதில் ஏதாவது இருக்கிறதா' என்று தேடுங்கள். தப்பை மென்பொருள் ஏற்கெனவே தேடிவிட்டது. இன்னொரு பக்கத்தைப் பார்ப்பதற்காகத்தான் அங்கே ஒரு மனிதரை உட்கார வைத்திருக்கிறார்கள்.

சிக்னல் மீறலில் இது மிக முக்கியம். அசையாத படத்தை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வீடியோ இருந்தால் முன்னும் பின்னும் பத்து விநாடி ஓட விடுங்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும், அதற்கு வழிவிட வண்டி நிறுத்தக் கோட்டைத் தாண்டி நகர்ந்திருக்கும். வழிவிடாமல் இருந்திருந்தால் 194இ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம். வழிவிட்டவருக்கு சிக்னல் கேஸ் போட்டால் மனிதர் எந்தப் பக்கம்தான் போவார்? இன்னொன்று, சிவப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே நம் கான்ஸ்டபிள் கையைக் காட்டி வண்டிகளை விட்டிருப்பார். நீங்களே ஆறு வருடம் அப்படி விட்டிருப்பீர்கள். போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் காவலரின் சைகைக்குக் கட்டுப்பட வேண்டும் என்று 119-வது பிரிவே சொல்கிறது. கேமராவுக்கு விளக்கு தெரியும், கான்ஸ்டபிளின் கை தெரியாது. ஒரே நேரத்தில் ஒரே திசையில் பதினைந்து வண்டிகள் சிவப்பில் போவதாக வந்தால், பதினைந்து பேரும் தப்பு செய்தார்கள் என்று எடுத்துக்கொள்ளாமல் அந்தப் பாயிண்டில் இருந்தவரிடம் வயர்லெஸ் மைக்கில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம் கோடு. மென்பொருள் பார்ப்பது ரோட்டில் போட்ட வெள்ளைக் கோட்டை அல்ல, கேமராவை மாட்டிய அன்றைக்குத் திரையில் வரைந்து வைத்த கோட்டை. கம்பம் அசைந்து கேமரா லேசாகத் திரும்பினாலும், புதிதாகத் தார் போட்டாலும், சென்னையில் நடப்பது போல மெட்ரோ வேலைக்காகத் தடங்களை மாற்றினாலும் இரண்டும் பிரிந்துவிடும். ரோட்டில் கோடு அழிந்து கண்ணுக்கே தெரியவில்லை என்றால் அந்தப் படத்தை நான் எப்போதும் தள்ளிவிடுவேன். வண்டி ஓட்டுபவருக்குத் தெரியாத கோட்டைத் தாண்டினார் என்று எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் என்னால் சொல்ல முடியாது.

ஹெல்மெட் படங்கள்தான் எண்ணிக்கையில் அதிகம் வரும். கறுப்பு ஹெல்மெட்டும் அடர்ந்த முடியும் ஒன்று போலத் தெரியும், தொப்பியும் துப்பட்டாவும் ஏமாற்றும். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு 129-வது பிரிவே விலக்கு தருகிறது. பின்னால் உட்கார்ந்திருப்பவரையும் மறக்க வேண்டாம், நான்கு வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம். பட்டையை மாட்டினாரா, ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்பதெல்லாம் மேலிருந்து எடுத்த படத்தில் தெரியாது, அதை ஊகிக்கவே கூடாது.

செல்போன் வழக்கில் இன்னும் கவனம் வேண்டும். நெதர்லாந்தில் காரில் தலையைச் சொறிந்துகொண்டிருந்த ஒருவருக்கு, போன் பேசியதாக 380 யூரோ அபராதம் போனது. கேமரா சொன்னதை ஒரு மனிதரும் பார்த்து 'ஆமாம்' என்றிருக்கிறார் என்பதுதான் அதில் என்னை வருத்தியது. கையில் போன் தெரிய வேண்டும். கை காதருகே இருந்தது என்பது போதாது.

மேலதிகாரி கேட்பதைப் பற்றி. ஏன் தள்ளினீர்கள் என்று உங்களிடம் எழுத்தில் இல்லாவிட்டால் அந்தக் கேள்வி நியாயமானதுதான். ஒரு நோட்டுப் போடுங்கள். கேமரா எண், காரணம், எத்தனை, இவ்வளவு போதும். வாரக் கடைசியில் கூட்டிப் பாருங்கள். பெரும்பாலும் உங்கள் நிராகரிப்புகளில் பாதி இரண்டு மூன்று கேமராக்களிலிருந்தே வந்திருக்கும். ஒன்றில் எதிர் வெயில், ஒன்றில் மரக்கிளை, ஒன்றில் நகர்ந்துபோன கோடு. 'இந்தக் கேமராவைச் சரி செய்தால் நல்ல கேஸ்கள் கூடும்' என்று அந்தக் கணக்கோடு போய் நில்லுங்கள். நான் அப்படிப் போன பிறகு என்னிடம் எண்ணிக்கை கேட்பது நின்றது, எந்தக் கேமராவைப் பார்க்க ஆள் அனுப்ப வேண்டும் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆனால் வேலையைத் தேக்கி வைக்காதீர்கள். காலக்கெடு தாண்டிய படத்தை அவசர அவசரமாக அனுப்பி, கோர்ட்டில் அது தள்ளுபடி ஆனால் கெடுவது துறையின் பெயர்.

களைப்பும் ஒரு காரணம். நூறு படம் சரியாக வந்த பிறகு விரல் தானாகவே ஒப்புதலை அழுத்தும். ஹெல்மெட், சிக்னல், ஒன்வே என்று வகை பிரித்துப் பாருங்கள், கண் ஒன்றையே தேடும்போது தவறு குறையும். அரை மணிக்கு ஒரு முறை எழுந்து நடங்கள்.

கவுண்டருக்கு வருபவர்களிடம் படத்தைத் திருப்பிக் காட்டுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடியும். வண்டியை விற்று ஆர்.சி.யில் பெயர் மாற்றாதவர்கள் வருவார்கள். சட்டப்படி ஆர்.சி.யில் இருப்பவர்தான் உரிமையாளர் என்பதைப் பொறுமையாகச் சொல்லி, ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு வழி காட்டுங்கள். வாட்ஸ்அப்பில் சலான் என்று ஏ.பி.கே. கோப்பு, அதாவது போனில் செயலியை நிறுவும் கோப்பு வந்து, அதைத் திறந்து பணத்தை இழந்தவர்களும் வருவார்கள். அவர்களை உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930-க்குக் கூப்பிடச் சொல்லுங்கள்.

படங்களை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் போடாதீர்கள், மற்றவர் போட்டாலும் தடுங்கள். கேரளத்தில் 2023-ல் ஒருவர் வேறொரு பெண்ணோடு ஸ்கூட்டரில் போன சலான் படம், வண்டி மனைவி பெயரில் இருந்ததால் மனைவியின் போனுக்குப் போனது. வீட்டில் தகராறு முற்றி, மனைவியை அடித்ததாக அவர் கைதானார். அடித்தது அவர் குற்றம், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒரு படம் வீட்டுக்குள் போய் என்ன செய்யும் என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தேவையான பகுதியை மட்டும் வெட்டி அனுப்ப உங்கள் மென்பொருளில் வசதி இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்று, இதை முதல் மாதத்திலேயே செய்துவிடுங்கள். உங்களுக்கு அதிகம் படம் அனுப்பும் நான்கு சந்திப்புகளுக்கு, டூட்டி இல்லாத ஒரு நாளில், சீருடை இல்லாமல் உங்கள் பைக்கில் போங்கள். நிறுத்தக் கோட்டில் நின்று, விளக்கு எங்கே தெரிகிறது, எதிரே நிற்கும் பஸ் அதை மறைக்கிறதா, அறிவிப்புப் பலகை மரத்துக்குப் பின்னால் போய்விட்டதா என்று பாருங்கள். அங்கே பாயிண்டில் இருக்கும் கான்ஸ்டபிளிடம், எந்த நேரத்தில் சிக்னலை நிறுத்திவிட்டுக் கையால் வண்டி விடுவார் என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த நான்கு நேரங்களையும் ஒரு சீட்டில் எழுதி உங்கள் திரையின் ஓரத்தில் ஒட்டி வையுங்கள்.