எக்ஸிமா உள்ள குழந்தைக்குக் குளித்தவுடன் கிரீம் தடவச் சொல்வது ஏன்?

எக்ஸிமா என்பது தோல் வறண்டு, சிவந்து, ஓயாமல் அரிக்கும் நிலை. கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் கன்னத்தில்தான் முதலில் தெரியும்.

காரணம் தோலின் மேலடுக்கில் இருக்கிறது. செங்கல் சுவரில் ஆங்காங்கே சாந்து உதிர்ந்தது போன்ற தோல் இது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேறிவிடும். சோப்பும் வாசனைப் பொருளும் உள்ளே புகுந்து உறுத்தும். அந்த இடுக்குகளை அடைக்கும் பூச்சுதான் கிரீம்.

வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம் குளிப்பாட்டினால் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுங்கள். 3 நிமிடத்துக்குள், ஈரப்பசை இருக்கும்போதே, வாசனை சேர்க்காத கெட்டியான கிரீமையோ ஆயின்ட்மென்ட்டையோ முடி வளரும் திசையில் தடவுங்கள். தாமதித்தால் நீர் ஆவியாகித் தோல் இன்னும் காய்ந்துபோகும். நீர்த்த லோஷன் பற்றாது. குளிக்காத நாளிலும் இருவேளை தடவ வேண்டும். தடிப்பு மறைந்ததும் நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. எச்சில் வழியும் வாயோரத்தில், பால் கொடுக்கும் முன் பெட்ரோலியம் ஜெல்லி தடவினால் எரிச்சல் குறையும்.

நீர் கசிந்தாலோ, தேன் நிறத்தில் பொருக்குக் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

எக்ஸிமா தொற்றாது, குழந்தையைத் தாராளமாக அள்ளிக் கொஞ்சலாம். உதட்டில் அக்கிக் கொப்புளம் உள்ளவர்கள் மட்டும் முத்தமிடக் கூடாது, அந்த வைரஸ் இந்தத் தோலில் வேகமாகப் பரவும்.