பிளாக்கின் அளவைக் கூட்டத் தயங்குவது ஏன்?

கேள்வி: பிட்காயினில் பரிவர்த்தனைகளைத் தொகுத்து வைக்கும் பிளாக்கின் அளவைச் சில மடங்கு கூட்டிவிட்டால் நெரிசலும் கட்டணமும் குறைந்துவிடுமே? ஓர் எண்ணை மாற்றுவதற்கு இத்தனை ஆண்டுத் தயக்கம் ஏன்?

பதில்: மாற்ற வேண்டியது ஓர் எண்தான்; பிட்காயினை உருவாக்கிய சடோஷி நகமோட்டோ 2010-இல் வைத்த 1 மெகாபைட் வரம்பு மென்பொருளில் மிகச் சிறிய பகுதி. ஆனால், எங்கும் எழுதி வைக்கப்படாத வேறு வரம்புகளும் உள்ளே ஒளிந்திருக்கக்கூடும் என்பதை 2013 மார்ச்சில் நடந்த ஒரு நிகழ்வு காட்டியது. அதற்கு முந்தைய மாதம் வெளியான பிட்காயின் மென்பொருளின் 0.8 பதிப்பு, தகவல்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தை மாற்றியிருந்தது. பரிவர்த்தனைகள் நிறைந்த ஒரு பிளாக் வந்தபோது புதிய பதிப்பு அதை ஏற்றுக்கொண்டது. பழைய பதிப்போ, தன் தரவுத்தளத்தில் இருந்த, அதுவரை எவர் கண்ணிலும் படாத ஒரு கட்டுப்பாட்டின் காரணமாக நிராகரித்தது. அந்த பிளாக் 1 மெகாபைட்டுக்கு உட்பட்டதுதான் என்பதைக் கவனியுங்கள். பிளாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைந்த சங்கிலி இரண்டாகப் பிரிந்து பல மணி நேரம் ஓடியது. புதிய பிளாக்குகளை உருவாக்கும் மைனர்கள் பழைய பதிப்புக்குத் திரும்பிய பிறகே பிளவு தீர்ந்தது; புதிய கிளையில் உருவாகியிருந்த இருபதுக்கும் மேற்பட்ட பிளாக்குகள், ஒவ்வொன்றுக்கும் உரிய 25 பிட்காயின் வெகுமதியோடு செல்லாமற்போயின.

வெளியே தெரியாத இன்னோர் ஆபத்தும் உண்டு. பெரிய பிளாக் நெட்வொர்க் முழுவதும் பரவவும் சரிபார்க்கப்படவும் கூடுதல் நேரம் பிடிக்கும். அந்த இடைவெளியில் மற்ற மைனர்கள் காலாவதியான பிளாக்கின் மேல் உழைப்பை வீணாக்க, தன் பிளாக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லாத பெரிய மைனர் முன்னேறிக்கொண்டே போவார். கொள்ளளவைக் கூட்டுவதற்கான விலையை முதலில் கொடுப்பவர்கள் சிறிய மைனர்களும், சாதாரணக் கணினியில் நோடு (பிளாக்குகளைச் சரிபார்க்கும் மென்பொருள்) நடத்துபவர்களும்தான். எனக்கு மிகவும் கவலை தருவது இதுவே. ஏனெனில், இப்படிப் பின்வாங்குபவர்கள் ஓசையின்றி விலகிவிடுவார்கள், எந்தப் பிழைச்செய்தியும் வராது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். எதையும் மாற்றாமல் இருப்பது பாதுகாப்பானது என்று நான் கருதவில்லை. 2017 டிசம்பரில் ஒரு பரிவர்த்தனைக்கான சராசரிக் கட்டணம் 50 டாலரைத் தாண்டியபோது, சிறிய தொகையை அனுப்புபவருக்கு அந்த நெட்வொர்க் பயனற்றதாகிவிட்டது.

ஆகவே எதை மாற்றுகிறோம் என்பதைப் போலவே எப்படி மாற்றுகிறோம் என்பதும் முக்கியம். அதே 2017-இல் இரண்டு வழிகள் சோதிக்கப்பட்டன. ஆகஸ்ட் 1 அன்று 8 மெகாபைட் பிளாக்கோடு ஹார்டு ஃபோர்க் (பழைய மென்பொருள் ஏற்காத விதிமாற்றம்) வழியாகப் பிரிந்த பிட்காயின் கேஷ், தனி நாணயமாகிவிட்டது. அதே மாதம் நடைமுறைக்கு வந்த செக்விட் என்ற மாற்றம், கையொப்பத் தரவைத் தனியே பிரித்துக் கொள்ளளவைக் கூட்டியது. அது சாஃப்ட் ஃபோர்க் (பழைய மென்பொருளும் ஏற்கும் விதிமாற்றம்) என்பதால், மென்பொருளைப் புதுப்பிக்காத நோடுகளும் அதே சங்கிலியில் நீடித்தன. கிடைத்த கொள்ளளவு குறைவு, நிரல் சிக்கலானது என்ற குறைகள் நியாயமானவையே. இருப்பினும், புதுப்பிக்காதவரை வெளியே தள்ளாத வழி இருக்கும்போது அதையே முதலில் முயல வேண்டும் என்பேன். அளவைக் கூட்டியே தீர வேண்டுமென்றால், சோதனையை வேகமான சர்வரில் நடத்தாமல், மெதுவான இணைப்பில் ஓடும் பழைய கணினியில் நடத்திப் பார்த்துவிட்டு எண்ணை முடிவு செய்யட்டும்.