பெரிய கேமரா, சின்ன பட்ஜெட்: எந்த டிரைபாட் வாங்குவது?

கேள்வி: புகைப்படக் கலை படிக்கிறேன். இந்தப் பருவம் முழுக்கப் பயன்படுத்தத் துறையிலிருந்து 4×5 மோனோரெயில் கேமரா (4×5 அங்குல ஃபிலிம் தாளில் எடுக்கும், ஒற்றைத் தண்டின் மேல் நகரும் பெரிய கேமரா) ஒன்று கொடுத்திருக்கிறார்கள். லென்ஸோடு சேர்த்து நாலரை கிலோ. என்னிடம் உள்ள, டிஜிட்டல் கேமராவுக்கான சின்ன டிரைபாடில் இதை வைத்தால் ஆடுகிறது. 8 கிலோ தாங்கும் என்று போட்ட கார்பன் டிரைபாட் ஒன்றைப் பார்த்தேன், விலை கட்டுப்படியாகவில்லை. குறைந்த செலவில் வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. கார்பனை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். கார்பனில் நீங்கள் கொடுக்கும் கூடுதல் பணத்தில் பெரும்பகுதி எடையைக் குறைப்பதற்காகப் போகிறது. நாலரை கிலோ கேமராவைத் தூக்கிக்கொண்டு மலை ஏறப் போவதில்லை என்றால், யாரோ பயன்படுத்திவிட்டு விற்கும் பழைய, தடித்த கால் அலுமினிய டிரைபாடே உங்களுக்குப் போதும்.

அந்த ‘8 கிலோ’வையும் நம்பி முடிவெடுக்க வேண்டாம். அதை எப்படி அளக்க வேண்டும் என்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான விதி கிடையாது. அதோடு, எடையைத் தாங்குவது வேறு, அசையாமல் பிடிப்பது வேறு. நீங்கள் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கேமராவின் பின்னாலுள்ள மங்கல் கண்ணாடியான கிரவுண்ட் கிளாஸில் ஃபோகஸ் செய்கிறீர்கள், ஷட்டரை மூடுகிறீர்கள், ஃபிலிம் இருக்கும் ஹோல்டரை உள்ளே தள்ளுகிறீர்கள், ஃபிலிமை மறைக்கும் தகடான டார்க் ஸ்லைடை உருவுகிறீர்கள், அதற்கப்புறம்தான் படம் எடுக்கிறீர்கள். ஃபோகஸுக்கும் படத்துக்கும் நடுவில் கேமராவை ஒரு தடவை தள்ளி, ஒரு தடவை இழுத்தாகிவிட்டது. டிரைபாட் அந்த இழுப்புக்குச் சற்றுத் திரும்பிவிட்டால், நீங்கள் பார்த்து வைத்த காட்சி இப்போது அங்கே இல்லை. படம் கூர்மையாக வரவில்லை என்று லென்ஸைச் சந்தேகப்படும் மாணவர்களிடம் நான் முதலில் பார்ப்பது கால்களையும், கேமராவைத் தாங்கும் மேல்பகுதியான ஹெட்டையும்தான்.

அதனால் வாங்கும்போது முறுக்கிப் பாருங்கள். கால்களை முழுக்க நீட்டி, நடுத்தண்டை (கால்களுக்கு நடுவே ஏறி இறங்கும் கம்பி) இறக்கிவிட்டு, கால்கள் சேரும் தலைப்பகுதியை இரண்டு கையாலும் பிடித்து ஜாடி மூடியைத் திறப்பது போல இடமும் வலமும் திருப்புங்கள். நல்ல கால்கள் விறைப்பாக எதிர்க்கும். கொழகொழவென்று வளைந்து மெதுவாகத் திரும்பினால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். முடிந்தால் கேமராவையே கொண்டுபோய், ஃபோகஸ் செய்து, லூப் (சிறு உருப்பெருக்கி) வழியாகப் பார்த்தபடி ஹோல்டரைப் பாதி செருகி எடுங்கள். காட்சி பழைய இடத்துக்கே வருகிறதா என்று பாருங்கள். இதைவிட நம்பகமான சோதனை எனக்குத் தெரியாது.

காலில் எத்தனை அடுக்கு என்பதும் முக்கியம். நாலு, ஐந்து அடுக்கு இருந்தால் மடித்தால் குட்டையாகும், ஆனால் கடைசி அடுக்கு குச்சி மாதிரி இருக்கும். மூன்று அடுக்கே நல்லது. பழைய சந்தையில் பெயர் சொல்லித் தேடுவதென்றால் மான்ஃப்ரோட்டோ 055-ஐத் தேடலாம். அமெரிக்காவில் அதே வகைக் கால்கள் போகன் 3021 என்ற பெயரில் விற்றன. உங்கள் எடைக்கு அது போதும். அதற்கு மேல் கனமான 075 (போகன் 3036) கிடைத்தால் தூக்கச் சிரமம், ஆனால் நிற்பதில் குறையிருக்காது.

ஹெட் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை: உருண்டையின் மேல் சுழலும் பால் ஹெட் வேண்டாம், ஒவ்வொரு திசைக்கும் தனித்தனியாக மூன்று கைப்பிடி உள்ள பான்-டில்ட் ஹெட் வாங்குங்கள். பால் ஹெட்டைத் தளர்த்தினால் எல்லாத் திசையும் ஒரே நேரத்தில் கழன்றுகொள்ளும். அத்தனை கனம் முன்னால் சாயும்போது ஒரு கையால் மட்டம் பார்க்க முடியாது. பான்-டில்ட்டில் ஒரு திசையைப் பூட்டிவிட்டு அடுத்ததைச் சரிசெய்யலாம். போகன் 3047 என்ற பழைய ஹெட் அறுகோணத் தட்டோடு வரும், கனமான கேமராவுக்கு நன்றாக உழைக்கும். வாங்கும்போது தட்டு பூட்டிய பிறகும் அசைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

கேமராவின் அடியில் உள்ள மரை 3/8 அங்குலமா, 1/4 அங்குலமா என்பதை முதலிலேயே பார்த்துவிடுங்கள். பெரிய கேமராக்களில் 3/8 அதிகம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் சின்ன பித்தளை வளையம் சொற்பக் காசுக்குக் கிடைக்கும்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால், நில அளவையாளர்கள் பயன்படுத்தும் மர டிரைபாடைத் தேடுங்கள். நடுத்தண்டு கிடையாது, கால்கள் தடித்தவை, மரம் அதிர்வை நன்றாக உள்வாங்கும். அதன் திருகு 5/8 அங்குலம், அங்குலத்துக்கு 11 மரை. 3/8-க்கு மாற்றும் அடாப்டர் ஒன்று வாங்கி மேலே ஹெட்டைப் பொருத்திக்கொள்ளலாம். ஒரே தொல்லை, கூர்முனைக் கால்கள் வழுவழுப்பான தரையில் விரிந்துகொண்டே போகும். மூன்று கால்களையும் ஒரு கயிற்றால் முக்கோணமாகக் கட்டிவிடுங்கள், அல்லது அடியில் ஒரு கனமான விரிப்பைப் போடுங்கள். ஸ்டுடியோவுக்கும் வீட்டைச் சுற்றி எடுக்கவும் இதையே நான் சிபாரிசு செய்வேன்.

வெளியே போனால் எதிரி காற்று. நீட்டிய பெல்லோஸ் (லென்ஸையும் பின்பகுதியையும் இணைக்கும் மடிப்புக் கூடு) பாய் மாதிரி காற்றைப் பிடிக்கும், நீங்களோ நீண்ட எக்ஸ்போஷர் கொடுக்க வேண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஐஎஸ்ஓ 100 ஃபிலிமுக்கு நல்ல வெயிலில் லென்ஸ் துவாரம் எஃப்/16-ல் 1/100 விநாடி என்றால், அதைவிடச் சிறிய எஃப்/32-ல் 1/25. நிழலில் ஒளி மூன்று ஸ்டாப் (ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பாதியாக) குறைந்தால் ஏறக்குறைய 1/3 விநாடி. பொருளை நிஜ அளவிலேயே படமெடுத்தால் பெல்லோஸ் நீளத்துக்காக நாலு மடங்கு நேரம் வேண்டும், ஒரு விநாடிக்கு மேல் போய்விடும். அதனால்தான் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள் என்கிறேன். உயர்த்திய தண்டு என்பது மூன்று காலின் மேல் நிற்கும் ஒற்றைக்கால். டிரைபாடுக்குக் கனம் சேர்க்கப் பையைத் தொங்கவிடுவதாக இருந்தால் அதன் அடி லேசாகத் தரையைத் தொடட்டும். அந்தரத்தில் ஆடும் பை கேமராவையும் சேர்த்து ஆட்டும்.

உயரத்துக்கும் ரொம்பக் கவலைப்பட வேண்டாம். ஹெட்டும் கேமராவுமே 20 சென்டிமீட்டருக்குமேல் சேர்த்துக்கொடுக்கும். தண்டை உயர்த்தாமல் கிரவுண்ட் கிளாஸ் உங்கள் கண்ணுக்குச் சற்றுக் கீழே வந்தால் சரி, கறுப்புத் துணிக்குள் லேசாகக் குனிந்து பார்ப்பதுதான் வசதி.

பணத்தைப் பிரிப்பதென்றால் முதலில் காலுக்குச் செலவிடுங்கள். நல்ல கால் கிடைத்துவிட்டால், நண்பரிடமோ துறையிலோ ஒரு ஹெட்டை இரவல் வாங்கிச் சில மாதம் ஓட்டலாம். கால்கள் வரும்வரை உங்கள் சின்ன டிரைபாடையே பயன்படுத்துவதாக இருந்தால், தடித்த மேல் அடுக்கை மட்டும் விரித்து, மற்ற அடுக்குகளை நீட்டாமல், தாழ்வாக வைத்து, காற்றில்லாத இடத்தில் எடுங்கள். ஒவ்வொரு தடவையும் டார்க் ஸ்லைடை உருவிய பிறகு, ஆட்டம் அடங்கும்வரை பத்து விநாடி பொறுத்துவிட்டு ஷட்டரை அழுத்துங்கள்.