ஆறு மாதம் வெளிநாட்டில் சுற்றப் போகிறேன், கையில் இரண்டு கார்டு இருக்கிறது. பண விஷயத்தில் இது போதுமா?

போதாது. என்னிடமும் இரண்டு இருந்தது. லாவோஸில் லுவாங் பிரபாங் என்ற ஊரில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் இரண்டும் இருந்தும் இல்லாததுபோல ஆகிவிட்டது. அந்த மூன்று நாளைச் சொன்னாலே உங்களுக்குப் பதில் கிடைத்துவிடும்.

நீங்கள் வேலையை விட்டுவிட்டுத் தனியாகக் கிளம்புகிறவர் என்று வைத்துக்கொள்கிறேன். நான் அப்படி இல்லை. கேரள எல்லையில் குமுளியில் மிளகு, ஏலக்காய் விற்கிற சின்னக் கடை. 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று தாய்லாந்து சொன்னதும் நானும் மனைவியும் நான்கு மாதத் திட்டம் போட்டுக் கிளம்பிவிட்டோம். கடைக்காரனுக்கு எதற்கு நான்கு மாத ஊர்சுற்றல், காசு எங்கிருந்து வந்தது என்று கேட்கப் போகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்: கடையைத் தம்பி பார்த்துக்கொண்டான், காசு பதினோரு வருடச் சீட்டு. சரியா?

என் ஏற்பாடு இதுதான். டாலர் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று. அது போனால் இருக்கட்டும் என்று, எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருக்கிற கம்பம் ஊர் வங்கியின் டெபிட் கார்டு ஒன்று. கிரெடிட் கார்டு கடன்காரன் வேலை என்று வாங்கவே இல்லை, அது தப்பு.

தாய்லாந்து எல்லையிலிருந்து மீகாங் ஆற்றில் இரண்டு நாள் படகில் லுவாங் பிரபாங் போனோம். நடுவில் ஒரு ராத்திரி பாக்பெங் என்ற கிராமத்தில் தங்கல். அந்தப் படகைப் பற்றித் தனியாக எழுதலாம், இப்போது வேண்டாம். ஊர் சேர்ந்து மூன்றாம் நாள் விடுதி பாக்கியைக் கொடுக்க ஏடிஎம்மில் பதினைந்து லட்சம் கிப் எடுத்தேன். நம்ம காசுக்கு ஆறாயிரம் சொச்சம்தான். ஆனால் வாழ்க்கையில் முதல்முறை கையில் பதினைந்து லட்சம்! எல்லாம் ஐம்பதாயிரம் கிப் தாள், மொத்தம் முப்பது. சிரித்துக்கொண்டே எண்ணினேன், மனைவி ஒரு படம் எடுத்தாள். நம் ஊர் மெஷினில் கார்டைக் கையில் வாங்கிய பிறகுதான் பணம் வரும் என்று பழகிப்போன கை. அங்கே பணம் முதலில் வந்தது. திரும்பிப் பார்க்கும்போது கார்டு உள்ளே போய்க்கொண்டிருந்தது, நுனியைப் பிடிக்கப் போனேன், நகம்தான் பட்டது.

இதற்குள் முட்டாள் என்று எழுதியிருப்பீர்கள். எழுதுங்கள். ஆனால் முட்டாள்தனம் அதோடு நிற்கவில்லை. பதற்றத்தில் உதவி எண்ணைக் கூப்பிட்டு அந்தக் கார்டை நிரந்தரமாக முடக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை அந்த வங்கிக் கிளைக்குப் போனால், பாஸ்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெண் சிரித்த முகத்தோடு கார்டை எடுத்துக் கொடுத்தாள். முடக்கியதை மறுபடி திறக்க முடியாது. இந்த மாதிரி ஃபாரெக்ஸ் கார்டு வாங்கும்போது சில வங்கிகள் உறையில் இரண்டாவது கார்டும் போட்டுத் தருவார்கள், முதல் கார்டு போனால் மிச்சப் பணத்தை அதற்கு மாற்றிக்கொள்ளலாம். எனக்கும் தந்திருந்தார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்று குமுளி வீட்டு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு வந்திருந்தேன்.

சரி, டெபிட் கார்டு? ரிசர்வ் வங்கி 2020-இல் கொண்டுவந்த விதிப்படி புதிதாகத் தருகிற கார்டு எதுவும் வெளிநாட்டில் தானாக வேலை செய்யாது, நாம்தான் திறந்துவிட வேண்டும். நான் திறக்கவில்லை. இணையத்தில் போய்த் திறக்கலாம், அதற்கு ஓடிபி வேண்டும். ஓடிபி வர சிம் வேண்டும். பாங்காக்கில் தாய்லாந்து சிம் போடுவதற்காக நம் ஊர் சிம்மை ஊக்கால் குத்தி எடுத்து, டிஷ்யூ பேப்பரில் மடித்து, சட்டைப்பையில் வைத்திருந்தேன். அந்தச் சட்டை சலவைக்குப் போய் வந்துவிட்டது.

டூப்ளிகேட் சிம் வாங்கலாமே என்பீர்கள். அந்த எண் என் பெயரில் இல்லை.

இங்கேதான் எங்கள் ஊர்க் கதை வருகிறது. குமுளியில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. அந்தக் காலத்தில் நாலடி நடந்தால் ரோமிங் காசு பிடிக்கும், அதனால் ஆளுக்கு இரண்டு சிம். தமிழ்நாட்டுச் சிம்முக்குத் தமிழ்நாட்டு முகவரி கேட்டார்கள், என் முகவரி இடுக்கி மாவட்டம். அதனால் கம்பத்தில் இருக்கிற மச்சினன் பெயரில் வாங்கினேன். வியாபாரம் கம்பத்தோடு என்பதால் வங்கிக் கணக்கும் அங்கே, அதற்குக் கொடுத்த எண்ணும் இதுவே. பதினாலு வருடம் ஒரு சிக்கலும் இல்லை. கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். கேரள அலுவலகத்துக்குப் போனால் நாங்கள் பாண்டி, கம்பத்து அலுவலகத்துக்குப் போனால் மலையாளத்தான். ரேஷன் கார்டில் ஒரு எழுத்து மாற்ற மூன்று மாதம் அலைந்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் நடந்து போனால் வந்துவிடுகிற தூரத்துக்கு இரண்டு மாநிலப் பாஸ் எடுக்கச் சொன்னார்கள். எங்கள் எண்கள் ஏன் பிறத்தியார் பெயரில் இருக்கின்றன என்று எங்களைக் கேட்காதீர்கள்.

மச்சினன் ஜீப் ஓட்டுகிறான். விடிகாலை ஏலத்தோட்டத்து வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் சாயங்காலம்தான் இறங்குவான். சனிக்கிழமை இறங்கி, கம்பத்தில் கைரேகை வைத்துப் புதுச் சிம் வாங்கும்போது மணி ஆறரை. அப்புறம்தான் தெரிந்தது, சிம் மாற்றினால் 24 மணி நேரம் குறுஞ்செய்தி வராது. சிம்மை மாற்றிப் பணம் சுருட்டுகிற திருடர்களைத் தடுக்க 2022-இல் வந்த விதி. நல்ல விதிதான், திட்ட முடியவில்லை.

அதுவரை எங்களைக் காப்பாற்றியது இட்லிப் பொடி. மனைவி எனக்குத் தெரியாமல் இரண்டு நூறு டாலர் தாளை மடித்துப் பொடி டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தாள். பாலித்தீன் பைக்குள்தான் வைத்திருந்தாள், பை ஓட்டை. பணம் மாற்றுகிற கடையில் அந்தப் பையன் முதல் தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான், மூலையில் எண்ணெய்க் கறை, சிவப்பாக மிளகாய்ப் பொடி. மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அந்தப் பக்கம் டாலர் தாளில் கறை, கிழிசல் இருந்தால் வாங்கவே மாட்டார்கள். இரண்டாவது தாள் தப்பித்தது. மூன்று நாள் அதில்தான் ஓடியது.

ஞாயிறு சாயங்காலம் மச்சினன் கூடலூரில் ஒரு சடங்கு வீட்டில் நின்றான். மைக்செட் அலறுகிறது. "மச்சான், சொல்றேன் எழுதிக்கோங்க, நாலு, ஏழு..." ஏழா எட்டா என்று கேட்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. இரண்டாவது தடவை தப்பாக அடித்தேன். மூன்றாவதும் தப்பினால் பூட்டிவிடும். "வாட்ஸ்அப்பில் அடிச்சுத் தொலைடா" என்று என் மனைவி போனைப் பிடுங்கிக் கத்தினாள், அப்புறம்தான் திறந்தது. ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று பாடம் எடுக்க வராதீர்கள், எனக்கும் தெரியும். எண்ணே அவனுடையதாக இருக்கும்போது என்ன செய்வது?

எனக்கு வயிற்றெரிச்சல் எதில் என்றால், இதெல்லாம் நான் வீட்டிலேயே பார்த்து வளர்ந்த விஷயம். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளிப் பாதை அடைபட்டபோது அக்கா பிரசவத்துக்குக் கம்பத்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்பாவால் தாண்டிப் போக முடியவில்லை. ஒரு போன்தான் போட்டார். கம்பத்தில் திராட்சை மண்டி வைத்திருந்தவர் அரைமணி நேரத்தில் இருபதாயிரத்தை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தார். அப்பா எப்போதும் கொஞ்சம் பணத்தை அவரிடம் விட்டுவைப்பார், அவருடையது கொஞ்சம் எங்கள் கடையில் இருக்கும். ரசீது கிடையாது. எல்லை எப்போது மூடும் என்று தெரியாத ஊரில் அதுதான் வங்கி. அந்த அப்பாவின் மகன் நான், ஒரே ஒரு போன் எண்ணில் எல்லாவற்றையும் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு நாடு விட்டு நாடு போயிருக்கிறேன்.

அதனால் உங்களிடம் எத்தனை கார்டு என்று நான் கேட்க மாட்டேன். இரண்டும் ஒரே வங்கியா, ஒரே எண்ணா, ஒரே பர்ஸா? அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரு கார்டுதான். வேறு வங்கியில் ஒன்று எடுங்கள், ஒன்று விசா என்றால் இன்னொன்று மாஸ்டர்கார்டாக இருக்கட்டும். ஒன்றைப் பெட்டியில் போட்டுவிடுங்கள், பர்ஸோடு போகக்கூடாது. இரண்டையும் கிளம்புவதற்கு முன்பே வெளிநாட்டுக்குத் திறந்துவிடுங்கள். எண் உங்கள் பெயரில் இருக்க வேண்டும், ரோமிங் போட்டு, நீண்ட நாள் ரீசார்ஜ் செய்து, சிம்மைப் போனிலேயே விட்டுவிடுங்கள். 90 நாள் பயன்படுத்தாமல் கிடந்தால் ப்ரீபெய்ட் எண்ணையே நிறுத்திவிடலாம் என்று விதி இருக்கிறது. இரட்டைச் சிம் போன் இருந்தால் வேலை மிச்சம்.

யுபிஐ இருக்கிறதே என்று ஒருவர் வருவார். சிங்கப்பூர், அமீரகம், நேபாளம், இலங்கை என்று சில நாடுகளில் சில கடைகளில் ஓடும். நான் போனபோது லுவாங் பிரபாங் இரவுச் சந்தையில் தாளைத்தான் கேட்டார்கள். ரொக்கமாக 3,000 டாலர் வரை கொண்டுபோகலாம், அவ்வளவு வேண்டாம், இருநூறு முந்நூறு போதும், புதுத் தாளாக, பொடி டப்பாவுக்கு வெளியே. கார்டு தேய்க்கும்போது ரூபாயில் பிடிக்கட்டுமா என்று மெஷின் கேட்டால் வேண்டாம் என்று அந்த நாட்டுக் காசையே அழுத்துங்கள், ரூபாய் என்றால் மோசமான விலை போடுவார்கள்.

ஊரில் ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். இங்கிருந்து உங்களுக்குப் பணம் அனுப்ப பான் கார்டும், எதற்காக அனுப்புகிறோம் என்று எழுதிக் கொடுக்கிற ஏ2 படிவமும் கேட்பார்கள், அனுப்புகிறவர் அதையெல்லாம் முன்பே ஒருதரம் பார்த்துப் பழகியவராக இருந்தால் நல்லது. சாயங்காலம் மலை இறங்கும்வரை போன் எடுக்காதவராக இருக்க வேண்டாம்.

அந்தக் கறைத் தாள் இன்னும் மேசை டிராயரில் கிடக்கிறது, இங்கேயும் மாற்ற முடியவில்லை. புதுச் சிம்முக்கு அவன் கொடுத்த காசைத் திருப்பித் தரவில்லை என்று மச்சினன் போன பொங்கலுக்குக்கூட எல்லோர் முன்னாலும் சொன்னான். கொடுத்துவிட்டேன், அவனுக்குத்தான் ஞாபகம் இல்லை.